எஞ்சினை விட்டுப் பிரியாத தானியங்கி கியர்பொக்ஸ்: 2000ஆம் ஆண்டு ஜீப் செரோக்கி, ஏடபிள்யூ4

#1 பனித்தெரு (வெள்ளி, இரவு 9:40)

அனைவருக்கும் வணக்கம். நான் கனடாவின் ஒன்ராறியோவில் வசிக்கிறேன். என் வண்டி 2000ஆம் ஆண்டு ஜீப் செரோக்கி. 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும், ஐசின் வார்னர் தயாரித்த ஏடபிள்யூ4 என்னும் நான்கு வேகத் தானியங்கி கியர்பொக்ஸும், அதன் பின்னால், விசையை முன் பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் உள்ளன. அந்த ஆண்டில் வந்த 0331 வார்ப்பு எண் கொண்ட சிலிண்டர் ஹெட், மூன்றாம் நான்காம் சிலிண்டர்களுக்கு நடுவே வெடிப்பதற்குப் பேர்போனது என்பது ஜீப் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். என்னுடையதும் வெடித்து, குளிர்நீர் எண்ணெயில் கலந்து, பேரிங்குகள் வரை கெட்டுவிட்டன. ஆகவே வேறொரு பழைய எஞ்சினை வாங்கி வைத்துவிட்டு, கியர்பொக்ஸை வண்டியிலேயே விட்டு எஞ்சினை மட்டும் மேலே தூக்கத் தொடங்கினேன்.

ரேடியேட்டர், மின்விசிறி, புகைக்குழாய், ஸ்டார்ட்டர் ஆகியவற்றைக் கழற்றியாகிவிட்டது. எஞ்சினோடு சேரும் கியர்பொக்ஸின் மணி வடிவ முன்கூடான பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகள் அனைத்தும், உச்சியில் இருக்கும் இரண்டு நட்சத்திரத் தலை போல்ட்டுகள் உட்பட, வெளியே வந்துவிட்டன. எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் கொன்வேர்ட்டரின் போல்ட்டுகள் நான்கையும் எடுத்துவிட்டேன். ஆனால் எஞ்சின் கீழ்ப்பக்கத்தில் சுமார் 8 மில்லிமீட்டரும் மேல்பக்கத்தில் 2 மில்லிமீட்டரும் மட்டுமே விலகி, அதற்கு மேல் அசைய மறுக்கிறது. கடப்பாரையைச் செருகி நெம்பியதில் பெல் ஹவுசிங்கின் விளிம்பில் நகக்கண் அளவு அலுமினியம் பெயர்ந்துவிட்டது. அத்தோடு நிறுத்திக்கொண்டேன். எஞ்சின் தூக்கி வாடகைக்கு எடுத்தது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்னும் எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#2 பழைய ஸ்பேனர் (வெள்ளி, இரவு 10:25)

தம்பி, கடப்பாரையை எடுத்துத் தூர வைத்தது நல்ல காரியம். நான் கோயம்புத்தூரில் முப்பது ஆண்டுகளாகக் கியர்பாக்ஸ் வேலை பார்க்கிறவன். உங்கள் ஜீப்பைக் கையால் தொட்டதில்லை என்றாலும், அதே ஐசின் குடும்பத்தைச் சேர்ந்த பெட்டிகளை டொயோட்டா வண்டிகளில் பலமுறை இறக்கியிருக்கிறேன். எல்லாம் கழன்றுவிட்ட எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே நேர்கோட்டில் நின்றால், இரண்டு ஆட்கள் கையால் அசைத்தே பிரித்துவிடலாம். வரவில்லை என்றால், கழற்றாத ஏதோ ஒன்று இருக்கிறது, அல்லது கோணம் தவறியிருக்கிறது, அல்லது துரு பிடித்திருக்கிறது. இந்த மூன்றையும் இதே வரிசையில் பார்க்க வேண்டும். துருவிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் பெட்டியை உடைக்கிறார்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது, கீழே 8, மேலே 2 என்ற கணக்கு. எஞ்சின் சாய்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். எஞ்சின் பிளாக்கின் பின்முகத்தில் இரண்டு டவல் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை பெல் ஹவுசிங்கின் துளைகளுக்குள் இறுக்கமாக அமர்ந்து, இரண்டு அச்சுகளையும் ஒரே கோட்டில் வைக்கின்றன. எஞ்சின் சாய்ந்தால் பின் துளைக்குள் கோணலாகச் சிக்கும். அதன் பிறகு நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் அந்தச் சிக்கலைத்தான் இறுக்குவீர்கள். முதலில் எஞ்சினைத் திரும்ப உள்ளே தள்ளி, இரு முகங்களும் சுற்றிலும் ஒரே அளவில் பொருந்தும் வரை தூக்கியையும் ஜாக்கையும் மாற்றி மாற்றிச் சரிசெய்யுங்கள். பின்னோக்கிப் போவது மனத்துக்குக் கசப்பாக இருக்கும். ஆனால் வேறு வழி கிடையாது.

அடுத்ததாக எனக்குச் சில விடைகள் வேண்டும். எஞ்சின் சுழற்சியைப் பார்க்கும் கிராங்க் சென்சார் பெல் ஹவுசிங்கின் மேல் இடது மூலையில் இருப்பதாக உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்தேன். அதைக் கழற்றினீர்களா? டிப்ஸ்டிக் குழாயை எஞ்சினோடு பிடித்திருக்கும் பட்டை, குளிர்விப்புக் குழாய்களின் கிளிப்புகள், பூமி இணைப்பு வயர்கள் ஆகியவை விடுபட்டனவா? கடைசியாக, கன்வெர்ட்டர் போல்ட்டுகள் நான்கையும் எடுத்ததாகச் சொல்கிறீர்களே, ஒவ்வொன்றையும் எடுத்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியாலோ பெயின்ட்டாலோ அடையாளம் வைத்தீர்களா?

#3 பனித்தெரு (வெள்ளி, இரவு 11:05)

ஐயா, விரிவான பதிலுக்கு நன்றி. சென்சாரைப் பெல் ஹவுசிங் போல்ட்டுகளைத் தொடுவதற்கு முன்பே எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டேன். அது உடைந்தால் எஞ்சின் உயிர்பெறாது என்று இங்கே பலர் எச்சரித்திருந்தார்கள். டிப்ஸ்டிக் குழாய் தளர்வாக ஆடுகிறது. ஹெட்டின் பின்புறத்திலிருந்து ஃபயர்வாலுக்குச் செல்லும் பூமிப் பட்டையையும் கழற்றியாகிவிட்டது.

கொன்வேர்ட்டர் போல்ட்டுகளுக்கு அடையாளம் வைக்கவில்லை. முன்னாலிருக்கும் கிராங்க் கப்பியின் போல்ட்டில் சொக்கட் வைத்து எஞ்சினைத் திருப்பித் திருப்பி, கீழ்த் திறப்பு வழியாக ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தகரப் பேணியில் போட்டேன். பேணியில் நான்கு இருப்பதைப் பார்த்தே நான்கும் வந்துவிட்டன என்று எடுத்துக்கொண்டேன். இப்போது கேட்கும்போதுதான், அந்தப் பேணியில் வேறு போல்ட்டுகளும் விழுந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

#4 யாழ்_கராஜ் (சனி, காலை 6:50)

நான் இதில் வேறு கருத்து உடையவன். எங்கள் ஊரில் ஓடும் ஜப்பான் கார்களில் எஞ்சின் குறுக்காகக் கிடக்கும். கியர்பொக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். கொரோலாவோ அலியனோ எதுவானாலும், எஞ்சினை மாற்றும் வேலை என்றால் நான் இரண்டையும் சேர்த்தே வெளியே எடுத்து, தரையில் மரக்கட்டைகளின் மேல் வைத்துத்தான் பிரிப்பேன். கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பிரிப்பது எளிது. குனிந்து பார்க்க முடியாத மூலையில் பிரிப்பது கடினம். தம்பி, உங்கள் வண்டியிலும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தனியாக இறக்கிவிட்டு, எஞ்சினையும் கியர்பொக்ஸையும் சேர்த்தே தூக்கியிருந்தால் இந்தத் துன்பம் வந்திராது.

போல்ட் எண்ணிக்கையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. பல டொயோட்டாக்களில் கொன்வேர்ட்டரை ஆறு போல்ட்டுகள் பிடித்திருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் நிறம் மாறியிருக்கும். பூட்டும்போது அதை முதலில் போட வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. நான் அதைக் கழற்றும்போதும் கணக்குத் தொடங்கும் இடமாக வைத்துக்கொள்வேன். உங்களுடையதில் அப்படி இல்லாவிட்டால் பெயின்ட் புள்ளி போதும்.

#5 பழைய ஸ்பேனர் (சனி, காலை 8:15)

யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வது குறுக்கு எஞ்சினுக்கு முழுவதும் பொருந்தும். நீளவாட்டில் படுத்திருக்கும் எஞ்சினில், அதுவும் பின்னால் தடிமனான பெட்டி தொங்கும்போது, இரண்டையும் சேர்த்துத் தூக்குவதற்கு மேற்கூரை உயரமும் நல்ல தூக்கியும் வேண்டும். முன்பக்கம் வானத்தைப் பார்க்கச் சாய்த்து எடுக்க வேண்டியிருக்கும். அப்போது வால் வழியாக எண்ணெய் முழுவதும் தரையில் கொட்டும். வீட்டு வாசலில், வாடகைத் தூக்கியோடு, தனியாளாக நிற்கிறவருக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

பனித்தெரு தம்பி, எஞ்சினை மீண்டும் பொருத்திய பிறகு ஒரு முழுச் சுற்றுத் திருப்பி, நான்கு துளைகளையும் ஒவ்வொன்றாக விளக்கடித்துப் பாருங்கள். ஒரு போல்ட் மிச்சமிருந்தாலும், அது கன்வெர்ட்டரை, கிராங்க் தண்டின் பின்முனையில் பூட்டிய மெல்லிய வட்டத் தகடான ஃபிளெக்ஸ் பிளேட்டோடு கட்டி வைத்திருக்கும். நீங்கள் எஞ்சினை இழுக்கும்போது கன்வெர்ட்டர் கியர்பாக்ஸிலிருந்து உருவிக்கொண்டு வரும். அது வரக் கூடாது. எந்த நிலையிலும் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸோடுதான் இருக்க வேண்டும், எஞ்சினோடு போகக் கூடாது. இந்த வேலை முழுவதிலும் நீங்கள் காவல் காக்க வேண்டியது இதைத்தான். விளிம்பில் பெயர்ந்த சில்லைப் பற்றிக்கூட நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

#6 எண்ணெய்க்கை (சனி, காலை 9:30)

நான் ஷார்ஜாவில் வேலை செய்கிறேன். இந்த மாடல் ஜீப்புகளைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். இங்கே, உங்கள் ஊரைப் போலப் பனியை உருக்கச் சாலையில் உப்புக் கொட்டுவதில்லை, ஆகவே டவல் பின்கள் துருப்பிடித்து நிற்பதும் அரிது. இருந்தாலும் மேலே சொன்ன எச்சரிக்கையை நான் நேரில் கற்றவன்.

தொழிலுக்கு வந்த புதிதில், வேறொரு கராஜில், இதே போன்ற பெட்டியைப் பிரித்தோம். எஞ்சின் ஒரு அங்குலம் நகர்ந்து நின்றது. வருகிறது, வருகிறது என்று எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். திடீரென்று விட்டுக்கொடுத்தபோது கன்வெர்ட்டர் எஞ்சினில் தொங்கிக்கொண்டு வெளியே வந்தது. அதிலிருந்த எண்ணெய் என் செருப்பை நனைத்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கியர்பாக்ஸுக்குள் நுழைந்திருக்கும் கன்வெர்ட்டரின் கழுத்து கோணலாக உருவியதில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் முன் சீல் கிழிந்திருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. வண்டியைப் பூட்டிக் கொடுத்த மூன்றாம் நாள் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து சிவப்பு எண்ணெய் சொட்டத் தொடங்கியது. ஒரு சீலுக்காக முழு வேலையையும் மறுபடி செய்தோம்.

இதைத் தவிர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை இழுக்கத் தொடங்கியதும், கீழ்த் திறப்பு வழியாக ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே விளக்கடித்துப் பாருங்கள். பிளாக்குக்கும் பெல் ஹவுசிங்குக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விழுகிறதோ, ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் இடையிலும் குறைந்தது அவ்வளவு விழ வேண்டும். வெளியே 8 மில்லிமீட்டர் திறந்திருக்க, உள்ளே இரண்டும் ஒட்டிக்கொண்டே இருந்தால், கன்வெர்ட்டர் எஞ்சினோடு பயணம் புறப்பட்டுவிட்டது என்று பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும்.

#7 பனித்தெரு (சனி, மதியம் 1:10)

பழைய ஸ்பேனர் ஐயாவின் சந்தேகம் சரியாகவே இருந்தது. எஞ்சினை மீண்டும் உள்ளே தள்ளிப் பொருத்திவிட்டுத் திருப்பிப் பார்த்தபோது, மூன்று துளைகள் காலியாகவும் நான்காவதில் போல்ட் அசையாமலும் இருந்தது. பேணியில் இருந்த நான்காவது போல்ட், அடிப்பக்க மூடித் தகட்டிலிருந்து வந்தது. தலையின் அளவும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஏமாந்துவிட்டேன். இவ்வளவு பெரிய தவறைப் பொதுவில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, என்றாலும் வேறு எவருக்காவது உதவட்டும்.

அந்தப் போல்ட்டை எடுத்துவிட்டேன். ஆனால் கதை முடியவில்லை. எல்லாப் போல்ட்டுகளும் இல்லாத நிலையில் கொன்வேர்ட்டர் சில மில்லிமீட்டராவது பின்னால் கியர்பொக்ஸுக்குள் தள்ளப்பட வேண்டும் அல்லவா? என் கொன்வேர்ட்டர் ஃபிளெக்ஸ் பிளேட்டோடு ஒட்டிக்கொண்டே நிற்கிறது. கையால் தள்ளினாலும் அசையவில்லை. எஞ்சினைச் சமமாக இழுத்தால் இப்போது 3 மில்லிமீட்டர் விலகுகிறது, எண்ணெய்க்கை அண்ணா சொன்ன சோதனையின்படி உள்ளே இடைவெளி விழவில்லை. இழுப்பதை நிறுத்திவிட்டேன்.

#8 எண்ணெய்க்கை (சனி, மதியம் 2:00)

அப்படியானால் மூக்கு பிடித்திருக்கிறது. கன்வெர்ட்டரின் முன்முகத்தின் நடுவில் குட்டையான உருளை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது கிராங்க் தண்டின் பின்முனையிலுள்ள குழிக்குள் நெருக்கமாக நுழைந்து, கன்வெர்ட்டரை நடு அச்சில் நிறுத்துகிறது. போல்ட்டுகள் விசையைக் கடத்துவதற்குத்தான். நடுவில் நிற்க வைப்பது இந்த மூக்கு. இருபது ஆண்டு ஈரத்தில் அது குழிக்குள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். உங்கள் நாட்டில் இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு.

வழி ஒன்றுதான். எஞ்சினை முன்னால் இழுக்காதீர்கள்; கன்வெர்ட்டரைப் பின்னால் தள்ளுங்கள். எஞ்சினையும் பெட்டியையும் மீண்டும் முழுவதும் சேர்த்து, இரண்டு போல்ட்டுகளை மட்டும் விரலால் பூட்டி வையுங்கள். கீழ்த் திறப்பு வழியாகவும் ஸ்டார்ட்டர் இருந்த ஓட்டை வழியாகவும் துரு இளக்கும் எண்ணெயை மூக்கின் பக்கம் பாயும்படி அடித்து, ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வெர்ட்டரின் போல்ட் மேடைக்கும் நடுவே தட்டையான நெம்புகோலைக் கொடுத்துச் சிறிதளவு அழுத்துங்கள். எஞ்சினைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடியும் சிறிதளவு. ஒரே இடத்தில் முழுப் பலத்தையும் காட்டினால் ஃபிளெக்ஸ் பிளேட் வளைந்துவிடும். இந்த 4.0 எஞ்சினில் ஃபிளெக்ஸ் பிளேட் நடுப்பகுதியைச் சுற்றி வெடிப்பது ஏற்கெனவே தெரிந்த நோய். அந்தச் சத்தத்தைக் கனெக்டிங் ராடு தட்டுவதாக நினைத்து எஞ்சினையே மாற்றியவர்களும் உண்டு.

#9 பழைய ஸ்பேனர் (சனி, மாலை 4:20)

மூக்கு விட்ட பிறகும் டவல் பின்கள் தகராறு செய்யக்கூடும் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். டவல் பின் எஃகு, பெல் ஹவுசிங் அலுமினியம். உப்பு நீர் நடுவில் நுழைந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி அலுமினியத்தைவிட அதிக இடத்தை எடுத்துக்கொண்டு, பின்னை நாலாபுறமும் நெருக்கும். நல்ல வேளையாக, சூடாக்கினால் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. ஆகவே டவல் பின் நுழைந்திருக்கும் பெல் ஹவுசிங்கின் புடைப்பை, அதாவது காதைச் சுற்றிலும் வெப்பக் காற்றுத் துப்பாக்கியால், கை வைக்க முடியாத அளவு சூடாகும் வரை, பொறுமையாகக் காட்டுங்கள். தீச்சுடர் வேண்டாம், பக்கத்தில் பெட்ரோல் குழாயும் எண்ணெயும் இருக்கின்றன. துரு இளக்கும் எண்ணெயை அடித்த உடனே சூடாக்குவதும் வேண்டாம், அதைத் துடைத்துவிட்டுச் செய்யுங்கள்.

நெம்புவதற்குக் கடினமான மரத்தில் ஆப்பு செதுக்கிக்கொள்ளுங்கள். இடது காதில் ஒரு தட்டு, வலது காதில் ஒரு தட்டு என்று மாறி மாறிப் போக வேண்டும். இரண்டு பக்கத்து இடைவெளியும் எப்போதும் ஒன்றாக இருக்கிறதா என்று அளவுகோலால் பார்த்துக்கொண்டே போக வேண்டும். திருப்புளியை முகங்களுக்கு நடுவே அறைந்து ஏற்றுவதுதான் பெட்டிகளின் முகத்தைக் கெடுக்கும் பழக்கம்.

இன்னொன்று. எஞ்சின் விலகிய அடுத்த நொடியே கியர்பாக்ஸின் முன்பக்கத்துக்கு எந்தத் தாங்கலும் இருக்காது. ஜாக்குக்கும் எண்ணெய்த் தட்டுக்கும் நடுவே அகலமான பலகை வையுங்கள். இல்லாவிட்டால் தட்டு நசுங்கி உள்ளே இருக்கும் வடிகட்டியைத் தொடும்.

#10 விளிம்பு (சனி, இரவு 7:45)

இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்கு வாகன வேலை தெரியாது, ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. திரும்பப் பூட்டும்போது கன்வெர்ட்டர் சரியாக உள்ளே அமராமல் இருந்தாலும், பெல் ஹவுசிங் போல்ட்டுகளை இறுக்கினால் அதுவே பின்னால் தள்ளப்பட்டுச் சேர்ந்துவிடாதா?

#11 பழைய ஸ்பேனர் (சனி, இரவு 9:00)

சேராது. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது நல்லது, ஏனென்றால் பிரிக்கும் வேலையில் பிழைத்த பெட்டிகள் பல, பூட்டும்போதுதான் சாகின்றன.

கன்வெர்ட்டருக்குள் மூன்று பொருத்தங்கள் இருக்கின்றன. எண்ணெயின் ஓட்டத்தைத் திருப்பிவிடும் நடுப்பகுதியான ஸ்டேட்டர், கியர்பாக்ஸின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அசையாத குழாயின் பற்களில் ஏற வேண்டும். எண்ணெயின் வேகத்தில் சுழலும் டர்பைன், அந்தக் குழாய்க்குள் ஓடும் உள்ளீட்டுத் தண்டின் பற்களில் ஏற வேண்டும். இவை இரண்டும் சேர்ந்த பிறகு, கன்வெர்ட்டரின் கழுத்து முனை எண்ணெய்ப் பம்பின் உள் பல்சக்கரத்தோடு கோத்துக்கொள்ள வேண்டும். கியர்பாக்ஸின் பம்பைச் சுழற்றுவது இந்தக் கழுத்துதான். எஞ்சின் ஓடினால்தான் பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் பிறக்கும். தானியங்கி வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாததற்கும், சக்கரங்கள் தரையில் உருள நெடுந்தூரம் கட்டி இழுக்கக் கூடாததற்கும் இதுவே காரணம்.

கன்வெர்ட்டரை நுழைக்கும்போது அதைத் தாங்கிப் பிடித்து, மெதுவாக இரு திசையிலும் திருப்பிக்கொண்டே தள்ளினால், ஒவ்வொரு பொருத்தத்திலும் "டக்" என்று உள்ளே விழும். இரண்டு முறை விழுந்ததும் பலர் நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்க அது முழுவதும் அமர்ந்தது போலவே தெரியும். மூன்றாவது விழவில்லை என்றால், கழுத்தின் முனை பம்பின் பல்சக்கரத்துக்குள் கோக்காமல் அதன் முகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த நிலையில் போல்ட்டுகளை இறுக்கினால், எஞ்சினின் எடையும் போல்ட்டுகளின் இழுவிசையும் சேர்ந்து பம்பை நசுக்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்த நிமிடத்தில் பம்பு உடைந்து, அதன் துகள்கள் பெட்டி முழுவதும் பரவும். பிறகு பெட்டியை முழுவதும் பிரிக்காமல் மீட்க முடியாது.

ஆகவே அளந்து பார்த்தே பூட்ட வேண்டும். பெல் ஹவுசிங் முகத்தின் குறுக்கே நேரான இரும்புப் பட்டையை வைத்து, அதிலிருந்து கன்வெர்ட்டரின் போல்ட் மேடை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளக்கவும். எஞ்சின் பக்கம் பிளாக் முகத்திலிருந்து ஃபிளெக்ஸ் பிளேட் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்றும் அளக்கவும். முதல் எண் இரண்டாவதைவிடச் சில மில்லிமீட்டர் அதிகமாக இருந்தால்தான் கன்வெர்ட்டர் முழுவதும் உள்ளே இருக்கிறது.

#12 பனித்தெரு (ஞாயிறு, மாலை 5:30)

பிரிந்துவிட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எண்ணெய்க்கை அண்ணா சொன்னபடி சேர்த்து வைத்து, இரவு முழுவதும் துரு இளக்கும் எண்ணெயில் ஊறவிட்டேன். காலையில் நெம்புகோலை வைத்து, கால் சுற்றுக்கு ஒருமுறை என்று மூன்று சுற்றுகள் போன பிறகு, ஒரு சிறு முறிவுச் சத்தத்தோடு கொன்வேர்ட்டர் பின்னால் நகர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எதையோ உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். விளக்கடித்துப் பார்த்ததில் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் கொன்வேர்ட்டருக்கும் இடையே ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்திருந்தது. அதன் பின்பு கொன்வேர்ட்டரைக் கையால் சுழற்றவும் முடிந்தது.

டவல் பின்களில் வலது பக்கத்துப் பின் மட்டுமே மல்லுக்கு நின்றது. அரை மணி நேரம் வெப்பக் காற்றுக் காட்டி, பழைய கோடரிக் காம்பிலிருந்து செதுக்கிய ஆப்பை வைத்துத் தட்டியதில், முதலில் ஒரு மயிரிழை, பிறகு ஒரு விரற்கடை என்று விலகி, எஞ்சின் தொங்கத் தொடங்கியது. தூக்கியை என் மனைவி இயக்க, நான் கீழே படுத்து இரு பக்கத்து இடைவெளியையும் அளந்துகொண்டிருந்தேன். கொன்வேர்ட்டர் கியர்பொக்ஸிலேயே இருக்கிறது. அது முன்னால் வழுக்கிவிடாமல் இருக்க, பெல் ஹவுசிங்கின் இரண்டு போல்ட் துளைகளுக்குக் குறுக்கே ஒரு தட்டையான இரும்புப் பட்டையைப் பூட்டியிருக்கிறேன்.

மூக்கைச் சுற்றி மோதிரம் போலத் துரு இருந்தது. பழைய ஃபிளெக்ஸ் பிளேட்டில் கண்ணுக்குத் தெரியும் வெடிப்பு எதுவும் இல்லை. வாங்கி வைத்திருக்கும் எஞ்சின் கைக்கியர் வண்டியிலிருந்து வந்தது. அதன் பின்னால் கனமான ஃபிளைவீல் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு என் பழைய ஃபிளெக்ஸ் பிளேட்டைப் பூட்டினால் போதுமா?

#13 யாழ்_கராஜ் (ஞாயிறு, இரவு 8:10)

வாழ்த்துகள். கைக்கியர் வண்டியின் எஞ்சின் என்றால் ஒரு விடயத்தைக் கட்டாயம் பாருங்கள். கிராங்க் தண்டின் பின்குழிக்குள் கைக்கியர்ப் பெட்டியின் தண்டு முனையைத் தாங்கும் சிறிய பைலட் பேரிங் ஒன்று இருக்கும். அதை எடுக்காமல் விட்டால் கொன்வேர்ட்டரின் மூக்குக்கு இடம் இல்லாமற் போகலாம். அப்போது கொன்வேர்ட்டர் பின்னால் தள்ளப்பட்டு, ஐயா மேலே விளக்கிய பம்பு நசுங்கும் நிலைக்கே வந்து சேரும். இழுக்கும் கருவி இல்லாவிட்டால், குழிக்குள் கிரீஸ் நிரப்பி, பொருத்தமான தடிமனுள்ள கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தால், கிரீஸின் அழுத்தத்தில் பேரிங் தானாக வெளியே வரும். சிலர் கிரீஸுக்குப் பதிலாக நனைத்த பாணை (ரொட்டியை) திணிப்பார்கள். அதுவும் வேலை செய்யும், கழுவுவதும் எளிது.

சேர்த்து எடுப்பதா, தனியாக எடுப்பதா என்ற கேள்வியில் நான் இன்னும் என் பக்கமே நிற்கிறேன். துருப்பிடித்த மூக்கைத் தரையில் வைத்துப் பிரித்திருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

#14 பழைய ஸ்பேனர் (ஞாயிறு, இரவு 9:35)

அரை நாள் மிச்சமாகியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூக்கியை இயக்கத் தெரிந்த இன்னும் இரண்டு பேர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

தம்பி, பெட்டி திறந்திருக்கும்போதே கன்வெர்ட்டரை உருவி முன் சீலை மாற்றிவிடுங்கள்; இழுபறியில் அதன் உதடு தேய்ந்திருக்கும். புதிய எஞ்சினின் பின் கிராங்க் சீலையும் இப்போதே மாற்றுவது நல்லது. பின்களையும் துளைகளையும் உப்புத்தாளால் சுத்தம் செய்து, மெல்லிய கிரீஸ் தடவுங்கள், மூக்குக்கும் அப்படியே. பிளாக்குக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே வரும் மெல்லிய தகடு பழைய எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மறந்துவிட்டு எஞ்சினை இறக்கியவர்கள் ஏராளம். பெட்டிக்கு டெக்ஸ்ரான் 3 வகை எண்ணெயே வேண்டும், ஜீப்பைத் தயாரித்த கிரைஸ்லரின் மற்றப் பெட்டிகளுக்கு ஊற்றுவதை இதற்கு ஊற்றாதீர்கள்.

பெல் ஹவுசிங் போல்ட்டுகளை விரலால் ஏற்றும்போதே முகங்கள் ஒன்றையொன்று தொட்டுவிட வேண்டும். தொடவில்லை என்றால் இறுக்க வேண்டாம், பிரித்துப் பாருங்கள். தொட்ட பிறகு, கன்வெர்ட்டரைக் கையால் சுழற்றி, அது தடையில்லாமல் சுழல்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

#15 பனித்தெரு (புதன், இரவு 10:15)

தூக்கியை இரண்டு நாள் கூடுதல் வாடகையோடு இன்று திருப்பிக் கொடுத்தேன். பைலட் பேரிங் உள்ளேதான் இருந்தது. பாண் முறையில் மூன்றாவது திணிப்பில் வெளியே வந்தது. கொன்வேர்ட்டரில் இரண்டாவது "டக்" கேட்டபோது முழுவதும் அமர்ந்துவிட்டது என்றே சத்தியம் செய்திருப்பேன். பட்டை வைத்து அளந்தபோது ஆழம் போதவில்லை. மேலும் சிறிது நேரம் திருப்பியதில்தான் மூன்றாவது விழுந்தது. எஞ்சினை இறக்கியதும் முகங்கள் விரல் இறுக்கத்திலேயே சேர்ந்தன, உள்ளே 4 மில்லிமீட்டர் இடைவெளியும் இருந்தது. கொன்வேர்ட்டர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்தேன். எண்ணிப் பார்த்தால் நான்கு.

வண்டி இன்று மாலை முதன்முறையாக ரிவர்ஸில் அசைந்து, வாசலை விட்டு வெளியே வந்தது. பெயர்ந்த சில்லின் அருகில் எண்ணெய்க் கசிவு எதுவும் தென்படவில்லை, என்றாலும் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்திருக்கிறேன்.